அமெரிக்கத் தீயணைப்புக் களங்களில் வானொலித் தொடர்பு நடைமுறைகளின் உருவாக்கம் (1970–2004): மறுமொழி, இடம், அவசரம்

ஆய்வுச் சுருக்கம்

தீ விபத்துக் களத்தில் வீரர்களுக்கும் கட்டளை அதிகாரிக்கும் இடையே நிகழும் வானொலிப் பேச்சு, எழுதப்பட்ட நடைமுறைகளுக்கு உட்பட்டது. அந்நடைமுறைகள் அமெரிக்காவில் எவ்வாறு உருப்பெற்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1970ஆம் ஆண்டின் கலிபோர்னியக் காட்டுத்தீ, 1988ஆம் ஆண்டின் ஹாக்கன்சாக் தீ விபத்து, 1999ஆம் ஆண்டின் வொர்செஸ்டர் கிடங்குத் தீ, 2001 செப்டம்பர் 11இல் நியூயார்க் உலக வணிக மையத்தில் நிகழ்ந்த பேரழிவு ஆகிய நான்கு நிகழ்வுகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கருவி பழுதுபட்டதே உயிரிழப்புக்குக் காரணம் என்னும் பொதுவான விளக்கம் போதுமானதன்று. செய்தி பெறப்பட்டதற்கான மறுமொழி, பேசுபவரின் இருப்பிடம், செய்தியின் அவசர அளவு ஆகிய மூன்றும் பேச்சில் இடம்பெறாமல் போனதும் உயிரிழப்புக்குக் காரணமாயிற்று என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: தீயணைப்பு வரலாறு, வானொலி, களநடைமுறை, மேடே, ஹாக்கன்சாக், வொர்செஸ்டர், உலக வணிக மையம்

1. முன்னுரை

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தந்தி வந்தது, தொலைபேசி வந்தது, வானொலி வந்தது என்று வரிசைப்படுத்தும் அவ்வரலாற்றில், கருவியைக் கையில் வைத்திருந்தவர் என்ன பேசினார், எதிர்முனையில் இருந்தவர் அதை எவ்வாறு புரிந்துகொண்டார் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. தீயணைப்புத் துறையில் இவ்வினாக்களை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. புகை சூழ்ந்த கட்டடத்தின் உள்ளே இருப்பவருக்கும் வெளியே நின்று ஆணையிடுபவருக்கும் இடையே பார்வைத் தொடர்பு இல்லை; குரல் ஒன்றே இணைப்பு. அக்குரல் எத்தகைய சொற்களால் ஆனது என்பது உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது.

இத்துறை பற்றிய பொதுப் பேச்சில் ‘வானொலி வேலை செய்யவில்லை’ என்னும் தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. இத்தொடர் முழுப் பொய்யன்று. ஆனால் அது பல வேறுபட்ட தோல்விகளை ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது. அலை சென்று சேராமை ஒரு தோல்வி. சேர்ந்தும் கேட்கப்படாமை மற்றொன்று. கேட்டும் எங்கிருந்து என்று அறியப்படாமை மூன்றாவது. அறிந்தும் அதன் அவசரம் உணரப்படாமை நான்காவது. இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் நடைமுறைகள் எவ்வெவ்வாறு, எதற்கு விடையாகத் தோன்றின என்பது விளங்கும்.

2. மணியோசையிலிருந்து குரலுக்கு

வானொலிக்கு முன்னரே அமெரிக்க நகரங்களில் தீச்செய்திக்கென ஓர் ஒழுங்கான மொழி இருந்தது. வில்லியம் சானிங், மோசஸ் ஃபார்மர் ஆகியோர் வடிவமைத்த தந்தி வழித் தீ எச்சரிக்கை முறை 1852இல் பாஸ்டன் நகரில் செயல்படத் தொடங்கியது. தெரு முனையில் பொருத்தப்பட்ட பெட்டி ஒவ்வொன்றும் தனக்குரிய எண்ணைக் கொண்டிருந்தது. பெட்டியை இயக்கினால் அவ்வெண் மைய அலுவலகத்துக்குச் செல்லும். அங்கிருந்து நகரெங்கும் மணிகள் அவ்வெண்ணையே அடித்துச் சொல்லும்.

இம்முறை சொல்லக்கூடிய செய்திகள் மிகச் சில. ஆயினும் அச்செய்திகளில் ஐயத்துக்கு இடமில்லை. பெட்டியின் எண்ணே இடத்தைக் குறித்தது. ஆகவே இடம் சொல்லாமல் செய்தி அனுப்புவது இயலாத ஒன்று. கூடுதல் அணிகள் தேவைப்படின் இரண்டாம் அழைப்பு, மூன்றாம் அழைப்பு என்பவற்றுக்குத் தனிக் குறியீடுகள் இருந்தன. ஆகவே நிலைமையின் அளவும் குறியீட்டிலேயே அடங்கியது. நியூயார்க் தீயணைப்புத் துறையில், பணியில் உயிரிழந்த வீரருக்காக அடிக்கப்பட்ட ஐந்து-ஐந்து-ஐந்து-ஐந்து என்னும் மணிக்குறி இன்றும் நினைவுச் சடங்குகளில் வழங்குகிறது என்பது அம்மொழியின் உறுதிக்குச் சான்று.

1928இல் டெட்ராய்ட் நகரக் காவல்துறை ஒருவழி வானொலியையும், 1933இல் நியூஜெர்சியின் பேயோன் நகரக் காவல்துறை இருவழி வானொலியையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைக்கென உருவான கையடக்க வானொலி, போருக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் தீயணைப்பு வீரரின் கைக்கும் வந்து சேர்ந்தது. மணியால் சொல்ல முடியாத எதையும் குரலால் சொல்ல முடிந்தது. அதே வேளையில், மணியில் இயல்பாகவே அமைந்திருந்த இரண்டு கூறுகளான இடமும் அளவும், குரலில் பேசுபவரின் விருப்பத்தைப் பொறுத்தவையாயின. அவர் சொன்னால் உண்டு. பதற்றத்தில் சொல்ல மறந்தால் இல்லை. பின்னர் வந்த நடைமுறைகளின் வரலாறு, இக்கூறுகளைப் பேச்சுக்குள் கட்டாயமாக்க முயன்ற வரலாறு எனலாம்.

3. பொதுச்சொல் தேடல்: கலிபோர்னியா, 1970

1970 செப்டம்பர் இறுதியில் தொடங்கிப் பதின்மூன்று நாட்கள் கலிபோர்னியாவில் பரவிய காட்டுத்தீ 16 உயிர்களையும் 700க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் 5 இலட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலப்பரப்பையும் அழித்தது. பல துறைகளைச் சேர்ந்த அணிகள் ஒரே தீயை எதிர்த்தன. ஆனால் அவற்றின் வானொலி அலைவரிசைகள் வேறு, சுருக்கக் குறியீடுகள் வேறு, பதவிப் பெயர்களும் வேறு. இவ்வனுபவத்தின் விளைவாக, அமெரிக்கக் காங்கிரசு அளித்த நிதியுடன், கூட்டாட்சி வனத்துறையும் தென்கலிபோர்னியத் தீயணைப்புத் துறைகளும் இணைந்து ‘ஃபயர்ஸ்கோப்’ என்னும் திட்டத்தை மேற்கொண்டன. அதிலிருந்தே ‘நிகழ்வுக் கட்டளை முறை’ பிறந்தது.

இம்முறையின் அடிப்படைகளுள் ஒன்று பொதுச் சொற்களைப் பயன்படுத்துதல். இதன் தேவையை ஒரு சொல்லைக் கொண்டே விளக்கலாம். ‘டேங்கர்’ என்பது அமெரிக்காவின் சில பகுதிகளில் நீர் சுமக்கும் சரக்குந்தைக் குறித்தது. மேற்குப் பகுதிக் காட்டுத்தீப் பணியில் அதுவே தீத்தடுப்பு நீர்மம் வீசும் வானூர்தியைக் குறித்தது. ஒருவர் வானூர்தி கேட்டு மற்றொருவர் சரக்குந்து அனுப்ப இடமுண்டு. புதிய முறை ‘டேங்கர்’ என்பதை வானூர்திக்கு மட்டும் உரியதாக்கி, தரையில் ஓடும் வண்டிக்கு ‘டெண்டர்’ என்று பெயரிட்டது. எண் குறியீடுகளுக்கு மாற்றாக, எவருக்கும் விளங்கும் தெளிமொழி வற்புறுத்தப்பட்டது. ஒரு மேலதிகாரியின் நேரடிப் பொறுப்பில் மூவர் முதல் எழுவர் வரையே இருத்தல் வேண்டும் என்னும் வரம்பும் வானொலி ஒழுங்கோடு தொடர்புடையதே. ஒருவரால் ஒரே நேரத்தில் கேட்டுப் பதிலளிக்கக்கூடிய குரல்களின் எண்ணிக்கைக்கு எல்லையுண்டு என்னும் புரிதல் அதில் அடங்கியுள்ளது.

ஆயினும் இம்முறை காட்டுத்தீக்கென உருவானது. நகரக் கட்டடத் தீயில் வீரர் சிக்கிக்கொண்டால் எவ்வாறு பேச வேண்டும் என்னும் வினாவுக்கு அது அப்போது விடையளிக்கவில்லை.

4. மறுமொழியின்மை: ஹாக்கன்சாக், 1988

1988 ஜூலை 1 அன்று பிற்பகலில் நியூஜெர்சியின் ஹாக்கன்சாக் நகரில் ஒரு கார் விற்பனை நிலையம் தீப்பற்றியது. வில் வடிவ மரச்சட்டங்களால் தாங்கப்பட்ட அதன் கூரை திடீரென இடிந்து விழுந்தது. ஐந்து வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் மூவர் இடிபாட்டில் இறந்தனர். எஞ்சிய இருவர் அருகிலிருந்த கருவி அறைக்குள் புகுந்து, அங்கிருந்து வானொலியில் மீண்டும் மீண்டும் உதவி கேட்டனர். அவர்களை உயிருடன் மீட்க இயலவில்லை.

தேசியத் தீப்பாதுகாப்புக் கழகம் நடத்திய விசாரணை, களத்தில் நிகழ்ந்த வானொலித் தொடர்பைச் சிறப்பாகக் கவனப்படுத்தியது. கூரை விழுவதற்குச் சற்று முன் உள்ளிருந்த அணிகளுக்குப் பின்வாங்கும் ஆணை தரப்பட்டது. பெற்றுக்கொண்டோம் என்னும் மறுமொழி வரவில்லை. மறுமொழி வராதது ஏன் என்று உடனே வினவப்படவும் இல்லை. கூரை விழுந்த பின், சிக்கியவர்களின் அழைப்புகள் கட்டளை நிலையத்தில் உரியவாறு பெறப்படவில்லை. வீடுகளில் வருடிக் கருவி வைத்து அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் காதில் அக்குரல் விழுந்தது என்பது இந்நிகழ்வின் கொடிய முரண்.

இங்குக் கருவி செயலிழக்கவில்லை. அலை வெளியே வந்தது. குறைபாடு இரண்டு இடங்களில் இருந்தது. முதலாவது, ஏராளமான பேச்சுகள் ஒரே அலைவரிசையில் நெருங்கியமை. இரண்டாவது, கேட்பதையே தம் பணியாகக் கொண்ட ஒருவர் கட்டளை நிலையத்தில் இல்லாமை. அனுப்பப்பட்ட செய்தியைப் பெறப்பட்ட செய்தியாகக் கொள்ளும் வழக்கத்தின் ஆபத்து இதனால் வெளிப்பட்டது. களப்பேச்சுக்குத் தனி அலைவரிசை, ஆணையைப் பெற்றவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துதல், குறித்த இடைவெளிகளில் ஒவ்வோர் அணியிலும் உள்ளோரை எண்ணிக் கணக்கெடுத்தல் ஆகிய நடைமுறைகள் இதன் பின்னர் அமெரிக்கத் துறைகளில் வலுப்பெற்றன.

5. இடமின்மை: வொர்செஸ்டர், 1999

1999 டிசம்பர் 3 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வொர்செஸ்டர் நகரில் கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் தீப்பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அக்கிடங்கின் சுவர்கள் தடித்தவை. குளிர்காப்புக்காகத் தக்கையும் பிளாஸ்டிக் நுரையும் உட்புறம் பதிக்கப்பட்டிருந்தன. சன்னல்கள் ஏறத்தாழ இல்லை. உள்ளே வீடற்றோர் இருக்கக்கூடும் என்னும் தகவலால் தேடச் சென்ற வீரர் இருவர் புகையில் வழி தவறினர். தேடப்பட்டவர்கள் முன்னரே வெளியேறியிருந்தனர்.

வழி தவறிய இருவரும் வானொலியில் அழைத்தனர். காற்று தீர்ந்துகொண்டிருப்பதையும் தெரிவித்தனர். அவர்கள் குரல் கேட்கப்பட்டது, மறுமொழியும் தரப்பட்டது. ஆனால் தாம் எந்தத் தளத்தில், எந்தப் பக்கத்தில் உள்ளோம் என்பதை மீட்போர் பயன்படுத்தத்தக்க வகையில் அவர்களால் சொல்ல இயலவில்லை. சன்னல் வரிசை இல்லாத கட்டடத்தில் வெளியிலிருந்து தளங்களை எண்ணுவதும் எளிதன்று. அவர்களைத் தேடிச் சென்ற மேலும் நால்வர் திரும்பவில்லை. இறந்தோர் எண்ணிக்கை ஆறானது. மேலும் எவரையும் உள்ளே அனுப்புவதில்லை என்று கட்டளை அதிகாரி முடிவெடுத்துத் தேடலை நிறுத்த நேர்ந்தது.

ஹாக்கன்சாக்கில் குரல் உரியவரைச் சேரவில்லை. வொர்செஸ்டரில் குரல் சேர்ந்தது, இடம் சேரவில்லை. இவ்வேறுபாடு நடைமுறை வரலாற்றில் முக்கியமானது. ஆபத்தில் சிக்கியவர் சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்தும் ‘லூனார்’ என்னும் நினைவுச்சொல் அமெரிக்கப் பயிற்சிகளில் பரவலாக வழங்குகிறது. இருப்பிடம், அணி, பெயர், ஒப்படைக்கப்பட்ட பணி, தேவைப்படும் உதவி என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது அச்சொல். அதில் இருப்பிடம் முதலாவதாக அமைவது தற்செயலாகாது. பேசுபவர் ஒரே ஒரு சொல்லுக்குப் பின் மயங்கிவிட்டாலும், அச்சொல் மீட்போருக்கு வழிகாட்டுவதாக இருக்க வேண்டும்.

6. அவசரமின்மை: நியூயார்க், 1993–2001

1993 பிப்ரவரி 26 அன்று உலக வணிக மையத்தின் அடித்தளத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பின்போது, தீயணைப்புத் துறையின் கையடக்க வானொலிகள் எஃகும் கற்காரையும் நிறைந்த அவ்வுயர் கட்டடங்களில் சரிவரச் செயல்படவில்லை. பெருந்தொகையான அணிகள் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தியதும் இடர்ப்பாட்டைப் பெருக்கியது. ஆகவே 1994இல் துறைமுக ஆணையம் தன் செலவில் ஒரு மறுபரப்பியை அங்கு நிறுவியது. அதை எப்போதும் இயக்கத்திலேயே வைக்கலாம் என்று ஆணையம் பரிந்துரைத்தது. கீழ் மன்ஹாட்டனின் பிற களங்களில் குறுக்கீடு நேரும் என்பதால் தேவைப்படும்போது மட்டும் இயக்கினால் போதும் என்று தீயணைப்புத் துறை கேட்டுக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் இயக்கும் பொறுப்பும் அத்துறையிடமே வந்தது. 2001 மார்ச்சில் அறிமுகமான புதிய எண்முறை வானொலிகள், ஒரு வீரரின் அபாய அழைப்பு உடனிருந்தோருக்குக் கேட்காமல் போனதால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் திரும்பப் பெறப்பட்டன. இதன் விளைவாக, செப்டம்பர் 11 அன்று வீரர்களிடம் இருந்தவை 1993இல் இருந்த அதே வகைக் கருவிகள்.

அன்று காலை வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் மேலதிகாரிகள் இருவர் ஏறத்தாழ 9.05 மணிக்கு மறுபரப்பியைச் சோதித்தனர். முதன்மைக் கைக்கருவியிலிருந்து பேசுவதற்கு இரண்டாவதாக ஒரு பொத்தானையும் அழுத்த வேண்டியிருந்தது, அது அழுத்தப்படவில்லை. மறுபரப்பி பழுது என்று கருதி அக்கோபுரத்தில் அதைக் கைவிட்டனர். ஆனால் தெற்குக் கோபுரத்தில் அதே மறுபரப்பி பயன்பட்டது. 78ஆம் தளம் வரை ஏறிய பட்டாலியன் தலைவர் ஓரியோ பால்மர் அதன் வழியே பேசிய உரையாடல், பின்னர் கிடைத்த ஒலிநாடாவில் பதிவாகியுள்ளது. வேலை செய்த கருவி ஒன்று, வேலை செய்யவில்லை என்னும் முடிவால் பயனற்றுப் போனது என்பதற்கு இது சான்று.

தெற்குக் கோபுரம் 9.59 மணிக்கு இடிந்தது. அடுத்த சில நிமிடங்களில் வடக்குக் கோபுரத்திலிருந்து வெளியேறும் ஆணைகள் வானொலியில் தரப்பட்டன. வடக்குக் கோபுரம் 10.28 மணிக்கு இடிந்தது. இவ்விரு நேரங்களுக்கும் இடைப்பட்ட 29 நிமிடங்களே பின்னாளில் பெரும் விவாதத்துக்கு உரியவையாயின. அன்று உயிரிழந்த தீயணைப்புத் துறையினர் 343 பேர். ஆணை அவர்கள் காதில் விழவேயில்லை, பழுதான வானொலியே அவர்களைக் கொன்றது என்று குடும்பத்தினர் பலர் குற்றம் சாட்டினர். ஆணையைக் கேட்டும், சிக்கிய மக்களை விட்டுச்செல்ல மனமின்றி அவர்கள் நின்றனர் என்னும் பொருள்பட, முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி 2004 மே மாதத்தில் விசாரணை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். பார்வையாளர் பகுதியிலிருந்த குடும்பத்தினர் அவரை இடைமறித்துக் குரலெழுப்பினர்.

2004 ஜூலையில் வெளியான செப்டம்பர் 11 ஆணைய அறிக்கை இவ்விரு நிலைப்பாடுகளையும் முழுமையாக ஏற்கவில்லை. வடக்குக் கோபுரத்துக்கு அனுப்பப்பட்டு அதனுள் இருந்த அணிகள் அதிகபட்சம் 32. அவற்றுள் குறைந்தது 24 அணிகள் வெளியேறும் ஆணையை வானொலி வழியாகவோ பிறர் வாய்மொழியாகவோ பெற்றன என்று அது கண்டது. வானொலிக் குறைபாடு ஒரு துணைக்காரணமே அன்றி முதன்மைக் காரணமன்று என்பது அதன் முடிவு. ஆயின் ஆணையைப் பெற்றவர்கள் ஏன் விரைந்து வெளியேறவில்லை? அறிக்கை தரும் விடை நடைமுறை சார்ந்தது. மிக அவசரமான வெளியேற்றத்துக்கு ‘மேடே, மேடே, மேடே’ என்று முன்னுரைத்தல் வேண்டும் என்பது துறையின் விதி. அன்று தரப்பட்ட எந்த ஆணையும் அவ்விதியைப் பின்பற்றவில்லை. உள்ளிருந்தோர் பலருக்குத் தெற்குக் கோபுரம் இடிந்துவிட்டது என்பதே தெரியாது. ஆகவே ஆணையைப் பெற்ற அனைவரிடமும் ஒரே அளவிலான அவசர உணர்வு இல்லை. சிலர் ஓய்வெடுத்தபடி இறங்கினர். சிலர் வழியில் பிறருக்கு உதவ நின்றனர்.

இதற்காக ஆணையிட்டவர்களைப் பழிப்பது முறையன்று. கீழ்த்தளத்தில் புழுதி சூழ்ந்த இருளில் நின்ற அவர்களுக்கே மற்றைய கோபுரம் முழுவதும் வீழ்ந்தது தெரியாது. ஆனால் இதிலிருந்து பெறப்படும் வரலாற்று உண்மை தெளிவானது: ‘வெளியேறுக’ என்னும் சொல் தன்னளவில் தன் எடையைச் சுமப்பதில்லை. அன்றாடத் தீயிலும் அதே சொல் வழங்குகிறது. அதை வேறுபடுத்தும் முன்னொட்டு இல்லாதபோது, கேட்பவர் தம் பழைய அனுபவத்தைக் கொண்டே அதன் எடையை அளப்பார்.

7. மேடே என்னும் சொல்லும் தெளிமொழியும்

1927இல் பன்னாட்டு வானொலித் தந்தி உடன்படிக்கையால் குரல்வழி அபாய அழைப்பாக ஏற்கப்பட்ட ‘மேடே’, கடலிலும் வானிலும் வழங்கிய சொல். நியூயார்க் நடைமுறை அதை உயிராபத்துக்கும் கட்டடம் இடிதல் போன்ற பேரிடருக்கும் உரியதாக்கி, அதற்கடுத்த நிலைக்கு ‘அர்ஜெண்ட்’ என்னும் சொல்லை ஒதுக்கியது. இப்படிநிலை, பழைய மணிக்குறியில் இரண்டாம், மூன்றாம் அழைப்புகள் செய்த பணியை ஒத்தது. மூன்று முறை சொல்லப்பட வேண்டும் என்னும் விதி, இரைச்சலில் ஒன்றேனும் கேட்கும் என்பதற்காக மட்டுமன்று. பிற பேச்சுகள் அனைத்தும் நிற்க வேண்டும் என்பதற்கான அறிவிப்புமாகும்.

கூட்டாட்சி அரசு 2004இல் வெளியிட்ட தேசிய நிகழ்வு மேலாண்மை முறை, பல துறைகள் கூடும் களங்களில் தெளிமொழியை வற்புறுத்தியது. 2006 நிதியாண்டு முதல் கூட்டாட்சி ஆயத்தநிலை மானியம் பெறுவதற்கு இது நிபந்தனையாயிற்று. 1970இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பொதுச்சொல் தேடல் இவ்வாறு நாடளாவிய விதியாக மாறியது. இதில் ஒரு முரணும் உண்டு. பொதுவான களப்பேச்சில் சிறப்புக் குறியீடுகளை நீக்கிய அதே காலத்தில், அபாயப் பேச்சில் ‘மேடே’ என்னும் ஒரு சிறப்புச் சொல் நிலைபெற்றது. இம்முரண் தோற்றமளவே. அன்றாடப் பேச்சுக்கு விளக்கம் தேவை. அபாயப் பேச்சுக்கு, வேறெதனோடும் மயங்காத ஒரு வேறுபாடு தேவை.

8. சான்றுகள் குறித்து

இவ்வரலாற்றை எழுதுவோர் சான்றுகளின் தன்மையைக் கருதுதல் வேண்டும். நியூயார்க் தீயணைப்புத் துறை 2001 அக்டோபர் முதல் தன் பணியாளர்களிடம் பதிவு செய்த ஏறத்தாழ 500 வாய்மொழி வாக்குமூலங்கள், வழக்கு நடந்து முடிந்த பின்னரே 2005 ஆகஸ்டில் பொதுவெளிக்கு வந்தன. ஆணைய அறிக்கை அதற்கு ஓராண்டு முன்னரே வெளியாகிவிட்டது. மேலும் இவ்வாக்குமூலங்கள் உயிர் பிழைத்தோருடையவை. எந்த ஆணையைக் கேட்டனர், எதைக் கேட்கவில்லை என்று இறந்தோர் சொல்ல வழியில்லை. 32இல் 24 என்னும் கணக்கை இவ்வரம்போடுதான் படிக்க வேண்டும். ஓர் அணி ஆணையைப் பெற்றது என்பதால் அவ்வணியின் ஒவ்வொருவரும் பெற்றார் என்றாகாது. குடும்பத்தினரின் குற்றச்சாட்டை அறிக்கை முற்றிலும் தீர்த்துவிட்டது என்று கூறவும் இயலாது.

9. முடிவுரை

கலிபோர்னியத் தீ பொதுச்சொல்லின் தேவையை உணர்த்தியது. ஹாக்கன்சாக் மறுமொழியின் தேவையையும், வொர்செஸ்டர் இருப்பிடத்தின் தேவையையும், நியூயார்க் அவசர அளவின் தேவையையும் வெளிப்படுத்தின. இவற்றுள் எதையும் ஆற்றல் மிக்க கருவி ஒன்றால் மட்டும் நிறைவு செய்திருக்க முடியாது. அதே வேளையில் நடைமுறையைக் காரணம் காட்டிக் கருவிக் குறைபாட்டை மன்னிப்பதும் தவறு. 1993இல் வெளிப்பட்ட குறை 2001 வரை முழுமையாகக் களையப்படாதது நிருவாகத்தின் பொறுப்பு.

நடைமுறை விதிகள் வறண்ட அலுவலக வாசகங்களாகத் தோன்றலாம். ‘இருப்பிடத்தை முதலில் சொல்க’, ‘கேட்டதைத் திருப்பிச் சொல்க’, ‘மும்முறை மேடே எனச் சொல்க’ என்னும் ஒவ்வொரு வரியும் பயனின்றிப் போன ஓர் அழைப்பிலிருந்து கற்கப்பட்டது. தீக்கள வானொலியின் வரலாற்றை எழுதுவோர் கருவிகளின் காப்புரிமைப் பட்டியலோடு இவ்விதிகளின் பதிப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும். எந்த விதி எந்த ஆண்டில், எந்த இழப்புக்குப் பின் சேர்க்கப்பட்டது என்னும் ஆய்வு, கருவியை மையமிட்ட வரலாற்றில் இடம்பெறாத மனிதர்களை அதற்குள் கொண்டுவரும்.